வெடைக்கோழிகளுக்கு வாங்கிய வாய்தா

எதையும் சட்டென்று முடிய விடாத ஒரு மனுஷியோடு சில வருஷம் ஒரே வளவில் குடியிருந்தேன். செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில், ஒரே வாசலுக்குள் நாலு வீடு. முன்வீடு அவளுடையது, அடுத்தது எங்களுடையது. தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாணமாகி அப்போதுதான் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை பார்த்தார். விடியுமுன் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை அந்த அக்காதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திருகிப் பார்க்கிற ஆள் நான். பஸ் வரக் கொஞ்சம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவேன், பாதி தூரத்தில் அந்த பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து இப்படிப்பட்டவள் பக்கத்தில் குடிவைத்தது எந்தச் சாமியின் வேலையோ தெரியவில்லை.

அக்கா ஒல்லியான உடம்பு. பின்பக்கத் தறிக் கொட்டகைக்கு வீட்டிலிருந்தே நூல் சுற்றிக் கொடுப்பாள். அதனால் தலைமுடியிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சுப் பிசிறு ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நரைத்துப்போன கிழவி வருகிற மாதிரி இருக்கும், கிட்டே வந்தால் நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும் என்று தெரியும். ராட்டையைச் சுற்றிக்கொண்டே பேசுவாள். அவள் வாயில் அதிகம் வந்த சொல் ‘செத்தப் பொறுங்க’ என்பதுதான்.

பால் திரிந்துவிட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம், கீழே கொட்டுவோம். அவள் கொட்டமாட்டாள். ஓரமாக வைத்து, ‘செத்தப் பாப்போம்’ என்பாள். என்னத்தைப் பார்ப்பது? திரிந்த பால் திரும்பப் பாலாகவா போகிறது? சாயங்காலம் அதில் சர்க்கரையைப் போட்டுக் கிண்டி எனக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிடுவாள். நன்றாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். கொல்லையில் பட்டுப்போன முருங்கைக் கன்று ஒன்று இருந்தது. வெறும் குச்சி. அதற்குத் தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவாள். பிடுங்கிப் போடுங்களேன் என்றால், அது செத்துப்போச்சு என்று யார் சொன்னது என்று என்னையே திருப்பிக் கேட்பாள். அந்தக் குச்சி கடைசிவரை துளிர்க்கவில்லை. அவள் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

இந்தக் குணத்துக்குப் பெயர் வைத்தவர் தறிக் கொட்டகை முதலாளி. அவரிடம் தறி ஓட்டின ஒருத்தர் ஒருநாள் குடித்துவிட்டு வந்து பாவு நூலை அறுத்துவிட்டார். அப்போதே கணக்கை முடித்து அனுப்புவதென்று முதலாளி குதித்தார். நூல் கொடுக்கப் போன அக்கா, அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவரை அவள் யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லியே நான் கேட்டதில்லை. இன்றைக்கு அனுப்பாதீர்கள், நாள் நன்றாயில்லை, சம்பள நாளன்றைக்கு அனுப்புங்கள் என்றாள். சம்பள நாள் வந்தபோது முதலாளிக்குக் கோபம் ஆறிவிட்டிருந்தது, அந்த ஆளுக்கு வெட்கம் வந்திருந்தது. அவர் அங்கேயே பல வருஷம் ஓட்டினார். கோர்ட்டில் வக்கீல் வாய்தா வாங்குகிற மாதிரியே இந்தம்மா வாங்கிவிடுகிறது என்று முதலாளி சொல்லப்போய், சந்து முழுக்க அவளுக்கு வாய்தா அக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. வாய்தா அக்கா வீடு எது என்று யாராவது கேட்டு வந்தால், ‘இதுதான், வாங்க’ என்பாள்.

எதிர்ச் சந்தில் ஒரு பெரியவர் இறந்தபோது நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. வெயிலுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் அவசரப்பட்டார்கள். அவருடைய தங்கச்சி எங்கோ தொலைவிலிருந்து வந்துகொண்டிருப்பதாகத் தகவல். இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பாடையைத் தூக்கக் கையை வைத்துவிட்டார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. ‘அண்ணே, அவருக்கு இனிமே என்ன அவசரம்?’ என்றாள், அம்புட்டுதான். தூக்க வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்கள். பிறகு ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து இறங்கி அந்தத் தங்கச்சி ஓடி வந்து அண்ணன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது, அவசரப்பட்டவர்களில் நானும் ஒருத்தியாக நின்றது எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்னையும் அவள் ஒருமுறை நிறுத்தியிருக்கிறாள். வீட்டுக்காரரோடு சண்டை. எதற்கென்று கேட்காதீர்கள், எனக்கே ஞாபகமில்லை. பையில் சேலையைத் திணித்துக்கொண்டு திருமங்கலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். வாசலில் ராட்டையை நிறுத்திவிட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தாராளமாகப் போயிட்டு வா என்றாள். ஆனால் இட்லி மாவு பொங்கி வழிகிறதே, அதை அப்படியே விட்டுப் போனால் சட்டியெல்லாம் புளித்துப்போகுமே, ஊற்றி வைத்துவிட்டுப் போயேன் என்றாள். மாவு வீணாவது எனக்குப் பொறுக்காது. இட்லியை ஊற்றினேன். இட்லி இருந்தால் சட்னி வேண்டாமா? அதையும் அரைத்தேன். அதற்குள் மனுஷன் வேலை முடிந்து வந்து நின்றார், பசியோடு. தட்டை வைத்தேன். பை அப்படியே மூலையில் கிடந்தது. மறுநாள் அக்கா வந்து எட்டிப் பார்த்து, ‘எப்பத்தா கெளம்புற?’ என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

இவ்வளவையும் சொன்னது அந்தக் கோழிகள் விஷயத்துக்கு வருவதற்குத்தான்.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிம்மக்கல் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் சரக்குப் பார்க்கிறவர். கெட்ட மனிதரில்லை. ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும், அந்த விஷயத்தில் என் கட்சி. அவருக்கு ஒரே ஒரு அக்கா, கொட்டாம்பட்டியில் வாக்கப்பட்டவர். தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால், அந்த அக்கா வார்த்தைக்கு அண்ணன் மறுவார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அந்த நாத்தனார் சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது, ஒரு கூடையில் மூன்று பெட்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று புள்ளி.

குஞ்சுகள் வளர்ந்து ஆவணி முடிவில் வெடைக்கோழிகள் ஆகிவிட்டன. முட்டை வைக்கிற பருவம் வந்து, இன்னும் வைக்க ஆரம்பிக்காத கோழிதான் வெடை. கறி தின்கிறவர்களைக் கேட்டால் அந்தப் பதத்துக்கு மேல் ஒரு பதம் இல்லை என்பார்கள். அண்ணனும் அதைத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு முட்டை வைத்துவிட்டாலும் போதும், அந்தக் கோழி மேல் கத்தி வைக்க மாட்டார்கள். அது வீட்டுக் கோழி ஆகிவிடும். ஆகவே மூன்று கோழிகளும் உயிரோடு இருப்பது அவை முட்டை வைப்பதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அண்ணன் கறிக்கு நாள் பார்த்தார். அக்கா முட்டைக்கு நாள் பார்த்தாள்.

‘கொண்டை செவந்திருச்சு, இந்தா வச்சிரும்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளினாள். ‘மூலை மூலையாத் தேடுது பாருங்க, எடம் பாக்குது’ என்று அடுத்ததைத் தள்ளினாள். கொல்லையில் ஒரு பழைய கூடையில் வைக்கோலைப் பரப்பி, கோழிகளுக்குப் புரியட்டும் என்று அதில் ஒரு முட்டை ஓட்டையும் வைத்தாள். கம்பு போட்டாள். கோழிகள் கம்பைத் தின்றுவிட்டு, கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்தில் இறங்கி நடந்தன. அப்புறம் புரட்டாசி வந்தது. அந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. பெருமாளே வாய்தா கொடுத்துவிட்டார் என்று அக்கா சொன்னபோது அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குத்தான் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் காலையில் கோழியைப் பிடித்துப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பார்கள். முட்டை தட்டுப்பட்டால் பஞ்சாரக் கூடையை விட்டு வெளியே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகட்டும் என்று கவிழ்த்தே வைத்துவிடுவார்கள். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு, நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

‘வேணாந்த்தா. அது பாட்டுக்கு வரட்டும். அதப் போயி நோண்டிக்கிட்டு.’

வேண்டாம் என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்ட ஒரே தடவை அதுதான். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கோழி, உங்கள் பாடு என்று வந்துவிட்டேன்.

புரட்டாசி முடியும் சமயத்தில் கொட்டாம்பட்டியிலிருந்து போன் வந்தது. மூலைக் கடைக்கு வந்த போன், அண்ணன் போய்ப் பேசிவிட்டு வந்தார். நாத்தனார் மகனுக்கு அக்காவின் மகளைக் கட்டுவது என்பது சின்ன வயதிலேயே பேசி வைத்ததுதான். அதை இந்தத் தையில் முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார் நாத்தனார். அண்ணன் அந்த இடத்திலேயே சரிக்கா என்று சொல்லிவிட்டார். நாள் குறிக்க, ஐப்பசி பிறந்து ஒரு புதன்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக வருகிறார்கள். அன்றைக்கு அந்த வெடைக்கோழிகளைத்தான் அடித்துப் போடுவது என்றும் அண்ணன் முடிவு செய்துவிட்டார். சம்பந்தி விருந்துக்கு வெடைக்கோழியைவிட வேறென்ன மரியாதை.

மகள் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அவளுக்கு மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை, தேதி மேல்தான் குறை. சித்திரையில் கடைசிப் பரீட்சை. தையில் கட்டிக்கொண்டு கொட்டாம்பட்டி போய்விட்டால் எங்கே படிப்பது, எங்கே எழுதுவது. மூன்று வருஷமாகப் படித்தது அம்புட்டும் வீணாய்ப் போகும். வைகாசிக்குத் தள்ளினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அன்று ராட்டை சுற்றாமல் வெறுமனே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள் அக்கா. ஊருக்கெல்லாம் வாய்தா கேட்கிறீர்களே, இதைக் கேட்பதற்கென்ன என்று நான் பொரிந்து தள்ளினேன்.

‘பொண்ணப் பெத்தவ எப்படித்தா கேக்குறது? குடுக்க மனசில்லாமத் தள்ளுறான்னு நெனச்சுக்கிருவாக. எங்க வீட்டுக்காரவுகளும் சரின்னு வாக்குக் குடுத்துட்டாக.’

இருந்தாலும் புருஷனிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது. நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர்தான், எனக்கு நன்றாகவே கேட்டது. என் அக்கா முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கப் பார்க்கிறாயா என்று அவர் சத்தம் போட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதுதான் இன்னும் சுட்டது.

‘நீ சொன்னதக் கேட்டுக் கோழிக்கு எம்புட்டு நாளு பொறுத்தேன்? ஒத்த முட்டை கண்ணுல பட்டுச்சா? உன் பேச்சக் கேட்டா இப்படித்தான் இருக்கும். நாளைக்குக் கோழியும் அடுப்புக்குப் போகுது, தேதியும் குறிக்கிறோம். இனிமே இந்த வீட்டுல பொறுங்குற பேச்சே கூடாது.’

ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை விழுந்திருந்தால் இந்த மனுஷன் இப்படிப் பேசியிருக்க முடியாதே என்று எனக்கு வயிறு எரிந்தது. கோழிகள் மேல்தான் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை. மாதாமாதம் பராமரிப்பு வேலைக்காகக் காலை முதல் மின்சாரம் நிறுத்துவார்களே, அந்த நாள் அதுவாகத்தான் அமைந்தது. அது யாருக்கும் நினைவில் இல்லை. தீபாவளிச் சரக்குக்காகப் பின்னால் தறிகள் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. விடிந்தால் ஆரம்பிக்கிற சத்தம், வளவில் பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். கொட்டாம்பட்டிக்காரர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். நாத்தனார் வாட்டசாட்டமான ஆள், காதில் கனத்த தோடு. வந்ததும் மருமகளாகப் போகிறவளின் கன்னத்தைத் தடவி முத்தம் கொடுத்தார். கூட வந்த அவர் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொல்லையில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கோழிகளைப் பிடிக்கப் போனால் பஞ்சாரம் திறந்து கிடக்கிறது. விடியும்போதே அக்கா திறந்துவிட்டிருக்கிறாள். மறந்துபோய்த் திறந்துவிட்டேன் என்றாள், அவள் மறந்ததை நான் நம்பவில்லை. அண்ணன் வியர்க்க விறுவிறுக்கச் சந்து முழுக்க ஓடிக் கறுப்பையும் புள்ளியையும் பிடித்துக்கொண்டு வந்து, காலைக் கட்டி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். செவலையைக் காணோம். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், வெங்காயமோ என்னவோ. நான் உதவிக்கென்று போய் மசாலாவை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கட்டிப்போட்ட கோழிகளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டு கறுப்பைக் கையில் எடுத்தபோது மின்சாரம் போனது.

தறி நின்றால் முதலில் தெரிவது காலுக்குத்தான். தரையில் எந்நேரமும் இருக்கிற நடுக்கம் நின்றுவிடும். அப்புறம் காதுக்குள் ஒரு மாதிரி வெறுமையாக இருக்கும். அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஊரையே கூட்டுகிற மாதிரி, ஒரு கோழி விட்டு விட்டுக் கேறுகிற சத்தமும் கேட்டது.

நாத்தனார் காப்பி டம்ளரோடு கொல்லை வாசலுக்கு வந்துவிட்டார். முட்டை வைத்த கோழி அல்லவா இப்படிக் கேறும், யார் வீட்டுக் கோழி என்று கேட்டார். அக்கா உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே எழுந்து நின்றாள். நான் நிற்பேனா? துவைக்கிற கல்லில் ஏறிச் சுவரை எட்டிப் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் கொட்டகையின் சாய்ப்பு. கழிவு நூலை அங்கேதான் கொட்டுவார்கள். எடுத்துப் போகிற வண்டி தீபாவளி கழித்துத்தான் வரும் என்பதால் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் மேல் நின்று எங்கள் செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு கேறிக்கொண்டிருக்கிறாள். அவள் காலடியில், எங்கள் சுவரை ஒட்டி, நூலுக்குள் மெத்தை மாதிரி ஒரு குழி. குழி நிறைய முட்டை. நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிதானம் எனக்கு ஏது. அக்கா பரப்பி வைத்த வைக்கோலை யார் சீண்டுவார்கள், இவ்வளவு மெத்தென்ற பஞ்சு பக்கத்தில் இருக்கும்போது. கோழிகள் சுவர் ஓட்டை வழியாகப் போய் வந்திருக்கின்றன. தினமும் வைத்துவிட்டுத் தொண்டை கிழியக் கேறியும் இருக்கின்றன. அந்தத் தறிச் சத்தத்தில் யார் காதில் விழும்.

‘அக்கா, அம்புட்டும் இங்கதான் கெடக்குக்கா’ என்று கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும், தறிதான் ஓடவில்லையே.

அண்ணன் கறுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தானே சுவரேறிக் குதித்தார். ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். நாத்தனார் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதந்த இரண்டு மூன்றை ஒதுக்கினார், மற்றதெல்லாம் நல்லது என்றார். அண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செவலை வைத்தது சரி, மற்ற இரண்டும் வைத்ததா என்று மெல்ல ஆரம்பித்தார். எது வைத்தது எது வைக்கவில்லை என்று யார் பார்த்தார்கள், தெரியாமல் அறுத்துவிட்டால் வழக்கம் என்னாவது என்று அக்கா கேட்டாள். சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கொடுக்கச் சொல்கிற வக்கீல்தான் போங்கள்.

நாத்தனார் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்பை எடுத்து விரலால் பார்த்தார். இது வைக்கிற கோழி என்று கட்டை அவிழ்த்துவிட்டார். புள்ளியையும் பார்த்தார். இது இன்னும் வெடைதான் என்றார். அண்ணன் கத்தியைப் பார்த்தார்.

‘அது செத்தச் சின்னது மதினி’ என்றாள் அக்கா. ‘பொறுத்துப் பாப்போம்.’

நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இத்தனை நாளாக ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லையா நீ என்று கேட்டுக்கொண்டே புள்ளியின் கட்டையும் அவிழ்த்தார். அது எழுந்து உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அம்மியடியில் சிந்தியிருந்த கம்பைக் கொத்தப் போனது.

விருந்துக்கு முட்டைக் குழம்பு வைத்தோம். மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் எல்லோரும் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தது. சரிப்பா, தையில் எந்த நாள் தோதுப்படும் என்று நாத்தனார் தம்பியைப் பார்த்துக் கேட்டார். அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பின்னால் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வெற்றிலையை எடுத்தார், காம்பைக் கிள்ளினார், மறுபடி தட்டிலேயே வைத்தார்.

‘அக்கா, வைகாசில வச்சுக்கிருவமா? புள்ள பரீட்சைய எழுதி முடிச்சிரட்டும்.’

சொல்லிவிட்டு அவர் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தேனோ என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது, அப்படி ஒரு படபடப்பு. நாத்தனார் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார்.

‘அதுக்கென்னப்பா, வைகாசின்னா வைகாசி. தையில எனக்கு அறுப்பு வேற கெடக்கு. போன்ல ஒரு வார்த்தை கேட்டேன், நீ சரிக்கான்ன. சரி, நீங்கதான் அவசரப்படுறீக போலன்னு நெனச்சுக்கிட்டேன். இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?’

அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா அந்த வீட்டில் இத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்கள் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கொட்டாம்பட்டிக்காரர் முதன்முறையாக வாயைத் திறந்து, குழம்பு மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கு முன்னாலேயே அந்தப் பெண் பரீட்சையையும் எழுதி முடித்திருந்தாள். புள்ளிக்கோழி அந்தக் கார்த்திகையில் வைக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு விருந்தாளிகளைச் சாயங்கால பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அக்காவும் நானும் கொல்லையில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தோம். மின்சாரம் வந்து தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. அண்ணன் எங்கள் பக்கமே வராமல் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அக்கா ஒரு தட்டை ரொம்ப நேரமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கிட்டே நகர்ந்தேன், அந்தச் சத்தத்தில் கிட்டே போனால்தான் கேட்கும்.

‘நான் எம்புட்டுப் பேருக்குக் கேட்டிருப்பேன்’ என்றாள். ‘எனக்குன்னு ஒருத்தரு வாய் தொறந்து கேட்டது இன்னைக்குத்தாந்த்தா.’

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. கையெல்லாம் சாம்பலும் எண்ணெயும், கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். குழம்புச் சட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

‘அழுகைய நாளைக்கு வச்சுக்குவோம்’ என்றாள். ‘காயிறதுக்குள்ள இதத் தேய்ச்சுரு.’